மாவாலைச் சுரங்கத்தில் நின்ற தெப்பம்

மாவாலைச் சுரங்கத்தின் வாயிலில் இப்போது ஒரு லேசர் கருவி பூட்டியிருக்கிறார்கள். படகில் எந்தச் சாமானாவது அளவுக்கு மேல் உயர்ந்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும். கழுத்தைப் பிடித்த வாத்துப் போல ஒரு சத்தமும் வரும். பக்கத்திலே ஒரு தகவல் பலகை. "முன்னர் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைத் தொடர்ந்து" இந்தக் கருவி பொருத்தப்பட்டதாம். சம்பவம் நடந்து பதினைந்து வருடம் கழித்துத்தான் பொருத்தினார்கள் என்பதைப் பலகை சொல்லாது.

அந்தச் சம்பவம் நான்தான்.

அந்தச் சுரங்கத்துக்குள் முப்பது கோடைகாலம் படகு ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன கோடையில் காலாற அந்தப் பக்கம் போயிருந்தேன். படகிலே பயணிகளுக்கு விளக்கம் சொல்லும் வேலை பார்க்கும் நிவேதா என்ற சென்னைப் பிள்ளை, இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பவள், ஓடி வந்தாள்.

"அங்கிள், அந்த போர்டுல இருக்கே, அது என்ன சம்பவம்? டூரிஸ்ட் எல்லாம் கேக்கறாங்க. நான் ஏதோ ஒரு கப்பல் மோதிடுச்சுன்னு சொல்லிட்டிருக்கேன்."

கப்பலாம்! அந்தச் சுரங்கத்துக்குள் கப்பலின் மூக்குக்கூட நுழையாது. "அப்பிடியே சொல்லும் பிள்ளை. உண்மையைவிட அது மரியாதையா இருக்கு" என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறி வந்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. பொய் சொல்லித்தான் அந்தச் சம்பவமே நடந்தது. அதற்கு மேலே இன்னொரு பொய்யை நானே ஏற்றிவிட்டு வந்திருந்தேன். ஆகவே எழுதுகிறேன்.

மொன்றியலின் தென்மேற்கில் உள்ள பழைய கால்வாயை உங்களில் பலர் சைக்கிள் பாதையாகத்தான் அறிவீர்கள். ஒரு காலத்தில் அதன் இரு கரையிலும் ஆலைகள். அவற்றில் ஒரு மாவாலைக்காரன், இடம் போதாமல், கால்வாயின் கிளையொன்றுக்கு மேலேயே கட்டடத்தை எழுப்பிவிட்டான். மேலே மா அரைத்தார்கள், கீழே படகு போனது. அந்தத் தொண்ணூறு மீட்டர் இருட்டுத்தான் மாவாலைச் சுரங்கம். இப்போது மேலே அடுக்குமாடி வீடுகள். "சரித்திரத்தின் மேல் வாழுங்கள்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர்கள் குடியிருக்கிறார்கள். சரித்திரம் கீழே ஹோர்ன் அடித்தால் மட்டும் முறைப்பாடு எழுதுவார்கள்.

எங்கள் முதலாளி இங்கிலாந்துக்குச் சுற்றுலா போய், அங்கே கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகுகளைக் கண்டு மயங்கி, அதே மாதிரி மூன்று செய்வித்தவர். இருபது மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம். சவப்பெட்டிக்கு ஜன்னல் வைத்தது போலிருக்கும். முன்னால் சின்னத் திறந்த தளம், நடுவில் நீண்ட அறை, பின்னால் சுக்கானைப் பிடித்தபடி நான்.

எனக்கு அந்த வேலை கிடைத்த விதமே ஒரு பகிடி. டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். விண்ணப்பப் படிவத்தில் பிறந்த ஊர் கடற்கரைக் கிராமம் என்று இருந்ததைப் பார்த்த முதலாளி, "ஆகா, மீனவர் பரம்பரை!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் குடும்பத்தில் கடற்தொழில் பாட்டனாரோடு முடிந்த கதை. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுவைக்காரர். நானோ கடலில் வள்ளம் ஏறினால் கரை மறைய முன்னரே சத்தி எடுப்பவன். அதை நான் முதலாளிக்குச் சொல்லவில்லை. கால்வாயில் அலை இல்லை, தப்பிப் பிழைத்தேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று கிழமை வகுப்பு, ஒரு வீடியோ, ஒரு சான்றிதழ். வீடியோவில் எல்லாரும் சிரித்துக்கொண்டே படகு ஓட்டினார்கள். உண்மையான பயிற்சி மதாம் ஜினெத்திடம் நடந்தது. அவர் சிரித்து நான் கண்டதில்லை.

மதாம் ஜினெத் சுரங்கத்துக்குப் பொறுப்பான மேலாளர். குள்ளமான பெண்மணி. ஆம்பிளைச் சப்பாத்து, வாயிலே எப்போதும் ஒரு இருமல் மிட்டாய். சுரங்க வாயிலில் மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். யாரையும் நம்பமாட்டார். முதலாளியை நம்பமாட்டார், வானிலை அறிக்கையை நம்பமாட்டார், எங்களை அறவே நம்பமாட்டார். அவர் பேசுவது கியூபெக் பிரெஞ்சு. நான் இங்கே தமிழில் தருகிறேன்.

"சுரங்கத்தில் மூன்று முட்டாள்கள் சாவார்கள்" என்று முதல் நாளே சொன்னார். "வெளிச்சத்தைப் பார்ப்பவன், அவசரப்படுபவன், கண்ணால் அளப்பவன்."

வெளிச்சம் என்றால் மறுமுனை. உள்ளே நுழைந்ததும் அது தூரத்தில் ஒரு காசு அளவுக்குத் தெரியும். புதியவன் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுவான், பக்கச் சுவர் வந்து இடிக்கும்வரை தெரியாது. அதனால் முன்விளக்கை நேரே பிடிக்கக்கூடாது. வலப்பக்கச் சுவரின் மேல் விளிம்பில் படும்படி சரித்து வைக்க வேண்டும். சுவரைப் பார்த்து ஓட்டு, வெளிச்சம் தானாக வரும் என்பார். அவசரம் என்றால் வேகம். ஒடுங்கிய இடத்தில் விசையைக் கூட்டினால் படகின் பின்பக்கம் தண்ணீரில் அமிழும், சுவர் படகை இழுக்கும். நிறைமாதக்காரி நடக்கிற வேகம் போதும். பின்னோக்கி ஓட்டுவதை நினைக்கவே கூடாது. பின்னே போகும் படகு சுக்கானுக்குக் கட்டுப்படாது.

மூன்றாவதுதான் அளவு. சுரங்கத்தின் கூரையில் இரும்பு விட்டங்கள் இருக்கின்றன. வாயிலில் தாராளமான உயரம். நடுவிலே ஆறாவது விட்டம் மட்டும் கட்டடத்தின் பாரத்தில் இறங்கிப்போயிருக்கிறது. தண்ணீரிலிருந்து ஏழரை அடி, அவ்வளவுதான். அதற்காக மதாமிடம் ஒரு மரக்கோல் இருந்தது. கோலின் அடியைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து, மேலே உள்ள நகரும் குறுக்குக் கையை இறக்கி, படகிலே ஆக உயரமான சாமானில் தொட வைக்க வேண்டும். தொட்டதும் டக் என்று ஒரு சத்தம் வரும். ஏழேகால் அடிக்கு மேலே கோலுக்குச் சிவப்புப் பூச்சு. சிவப்புக்குப் போனால் படகு போகாது. பிறகு தாளில் இரண்டு கட்டம் நிரப்ப வேண்டும். ஒன்றில் அளவு. மற்றதில் "தொட்டது" என்பதற்கு நேரே ஒரு சரி அடையாளம்.

"தொட வேண்டும்" என்பார் மதாம். "கண் பொய் சொல்லும். மற்றவன் வாய் அதைவிடப் பொய் சொல்லும். தொட்டால்தான் அளவு."

எங்களில் யார் அளந்தாலும் அவர் எழுந்து வந்து தானும் ஒருமுறை அளப்பார். இருபது வருட அனுபவம் உள்ளவனையும் விடமாட்டார். எனக்கும் மூன்று பருவம் அப்படியே நடந்தது. நாலாவது பருவத்தில் ஒரு நாள் நான் அளந்து தாளை நீட்டினேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. தாளைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார், மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அன்றிலிருந்து என் அளவை அவர் சரிபார்க்கவில்லை. என்னுடையதை மட்டும்.

"தவா மெதுவாக வருவான். ஆனால் வருவான்" என்று முதலாளியிடம் சொன்னாராம். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு இந்த நாட்டில் கிடைக்கவில்லை. வீட்டிலே சொன்னேன். "மெதுவா வாறதுக்கும் ஆரும் பட்டம் குடுக்கினமோ?" என்று கேட்டுவிட்டு மனைவி உலையில் அரிசி போட்டாள். அவளுக்கு விளங்கவில்லை. அந்தக் கிழவி என்னை நம்பியது எனக்குப் பெரிய காரியம்.

அந்த நம்பிக்கையை நான் என்ன செய்தேன் என்பதுதான் மீதி.

பதினேழு வருடங்களுக்கு முன்னர் ஒரு ஆடி மாதம், எங்கள் அம்மன் கோயில் நிர்வாகத்துக்குத் தெப்பத் திருவிழா செய்யும் ஆசை வந்தது. கோயில் இருந்தது ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில். கேணிக்கு எங்கே போவது? கால்வாயில் செய்வோம் என்று தீர்மானித்தார்கள். சுரங்கத்துக்கு அப்பால் அகலமான ஒரு குளம் போல கால்வாய் விரிந்திருக்கும், சுற்றிவரப் புல்வெளி. அங்கே சனம் நிற்கும்; அம்மன் படகிலே வருவா. படகுத்துறை இந்தப் பக்கம், குளம் அந்தப் பக்கம், நடுவில் சுரங்கம். ஆகவே என் வீட்டுக்கு வந்தார்கள்.

வந்தவர் நிர்வாகத் தலைவர். ஊரிலே கணக்குப் படிப்பித்தவர், எல்லாரும் மாஸ்ரர் என்பார்கள். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் இரண்டறை வீட்டுக் கதிரையில் நுனியில் உட்கார்ந்தார். முதல் கேள்வி படகைப் பற்றியதல்ல.

"தம்பி, ஊரிலை எவடம்?"

ஊரைச் சொன்னேன்.

"ஊர் தெரியும். அதிலை எந்தப் பக்கம்? கடற்கரைப் பக்கமோ?"

"ஓம்."

"ஆ... விளங்குது."

என்ன விளங்கியது என்பது எனக்கும் விளங்கியது. யாழ்ப்பாணத்தார் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் பனிக்குக் கோட்டு வாங்க மறந்தாலும் இந்தக் கேள்வியைக் கொண்டுபோக மறப்பதில்லை. என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். "வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்" என்றார். அந்த ஆடிக்குள் மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருந்தார். அவர் போன பிறகு மனைவி ஆறின தேத்தண்ணியைச் சிங்கில் ஊற்றுவாள்.

முதலாளி என் பாட்டனாரைப் பார்த்து வேலை தந்தார். மாஸ்ரர் என் பாட்டனாரைப் பார்த்துத் தேத்தண்ணியை மறுத்தார். பாவம் அந்த மனுசன், நான் பிறக்க முன்னரே செத்தவர். கனடாவிலும் அவரை விடமாட்டேன் என்கிறார்கள். அப்படியிருந்தும் நான் ஏன் ஒப்புக்கொண்டேன்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பெருமைக்காக. அம்மனை நான் கொண்டுவருவேன், சனம் பார்க்கும், மாஸ்ரரும் பார்க்கத்தானே வேண்டும்.

திருவிழா அன்று காலை படகின் முன்தளத்தில் மண்டபத்தை ஏற்றியிருந்தார்கள். மரத்தால் செய்த நாலு கால் மண்டபம், பொன் நிறப் பூச்சு, சுற்றிவரச் செவ்வந்தி மாலை. உள்ளே அம்மனின் உற்சவ விக்கிரகம். நான் கோலோடு போனேன்.

"தம்பி, நீர் அங்காலை நில்லும்" என்றார் மாஸ்ரர்.

"அளக்க வேணும் மாஸ்ரர்."

"கோல் கீல் ஒண்டும் படக்கூடாது. ஐயரைத் தவிர ஆரும் தொடேலாது."

அந்த நேரம் மாஸ்ரரின் மருமகன் மண்டபத்தின் தலையில் ஏறி நின்று துணியால் தூசு தட்டிக்கொண்டிருந்தான். அவன் ஐயர் அல்ல, கார் விற்பவன். நான் அவனைப் பார்த்தேன். மாஸ்ரரும் அவனைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் அளந்திட்டன். கணக்கு மாஸ்ரருக்குக் கணக்குச் சொல்லித் தாறீரோ? தண்ணியிலையிருந்து ஏழடிக்கு ரெண்டங்குலம் குறைவு. எழுதும்."

ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவு என்றால் சிவப்புக்கு நன்றாகக் கீழே. கோலைத் தூக்கி ஒரு டக், இரண்டு விநாடி வேலை. நான் தூக்கவில்லை. பதினைந்து வருடம் ஒவ்வொரு படகையும் தொட்டுத் தொட்டு அளந்த கை அன்றைக்குத் தொங்கிக்கொண்டு நின்றது. அளவை எழுதினேன். "தொட்டது" என்ற கட்டத்தில் சரி அடையாளமும் போட்டேன்.

மதாமிடம் தாளை நீட்டினேன். அவர் மண்டபத்தை ஏற இறங்கப் பார்த்தார். பூவாலே மூடிய அப்படி ஒரு சாமானை அவர் கண்டிருக்க மாட்டார்.

"தொட்டாயா?"

"ஓம் மதாம்."

கையெழுத்து வைத்தார். கரையால் நடந்து மறுமுனைக்குப் போனார். படகு நுழையுமுன் இந்தப் பக்கம் நான் ஹோர்ன் அடிக்க, வழி வெறுமை என்று அந்தப் பக்கத்திலிருந்து அவர் பதில் அடிக்க வேண்டும். அதுதான் முறை.

அவர் போன பிறகுதான் ஐயர் கலசத்தை எடுத்தார். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், கலசத்தை முதலிலே வைப்பதில்லை. எல்லாச் சோடனையும் முடிந்து, நல்ல நேரம் பார்த்து, மந்திரம் சொல்லி, கடைசியாகத்தான் வைப்பார்கள். மாஸ்ரர் அளந்தது முதல் நாள் பின்னேரம், கலசம் இல்லாத மண்டபத்தை. கலசம் ஒன்பது அங்குலம். கணக்கு மாஸ்ரருக்கு ஒன்பதைக் கூட்ட நினைவு வரவில்லை. ஆயிரம் பிள்ளைக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்தவர்!

அவரை ஏசி என்ன, நான் பின்னால் நின்று கண்டேன். படகறையின் கூரைக்கு மேலாகப் பித்தளை மினுங்கியது. ஹோர்னை அடித்து, பதிலுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கலசத்தையும் சேர்த்துத்தானே சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுமுனையிலிருந்து மதாமின் ஹோர்ன் வந்தது. விசையைப் போட்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து விட்டம் தாண்டியது. ஆறாவதில் "கிறீச்" என்று ஒரு சத்தம். நிறைமாதக்காரியின் வேகம்தான், ஆனால் பதினெட்டுத் தொன் இரும்பு சொன்னவுடன் நிற்காது. கலசம் விட்டத்தின் கீழே செருகி இறுகியது. மண்டபம் பின்னே சரிந்தது. ஐயர் பாய்ந்து அம்மனை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குத்துவிளக்கு உருண்டது, மருமகன் காலால் மிதித்து அணைத்தான். அதற்குப் பிறகு சுவரில் பட்ட முன்விளக்கின் வெளிச்சம் மட்டும்.

எஞ்சினை நிறுத்தினேன். எஞ்சின் புகையோடு உள்ளே நின்றால் ஆட்கள் மயங்கிவிடுவார்கள். பின்னோக்கி இழுத்தால் மண்டபம் முறியும், ஐயரும் அம்மனும் தண்ணீருக்குள். முன்னே தள்ளினாலும் அதே கதி. எஞ்சின் அடங்கியதும் மறுமுனையிலிருந்து குரல் வந்தது.

"தவா?"

ஒரே ஒரு சொல்தான். சுரங்கம் அதை ஏழெட்டுத் தரம் திருப்பிச் சொன்னது.

"அஞ்சு நிமிஷம், மதாம்!" என்று கத்தினேன். அவரிடம் வேலை செய்த காலம் முழுக்க அவர் என்னைச் சுரங்கத்துக்குள் கூப்பிட வேண்டி வந்தது அந்த ஒரு நாள்தான்.

சுக்கானை விட்டுவிட்டு அறைக்குள்ளால் முன்னே போனேன். உள்ளே நிர்வாக உறுப்பினர்கள் எட்டுப் பேர், வெள்ளை வேட்டி, பட்டுச் சால்வை, வாய் ஓயாத "அம்மாளாச்சி". எல்லாரையும் முன்தளத்துக்கு வரச் சொன்னேன்.

"ஏன் தம்பி?" என்றார் ஒருவர்.

"பாரம் முன்னுக்கு வந்தால் மூக்கு அமிழும். கெதியா வாங்கோ. ஒட்டி நில்லுங்கோ."

வந்தார்கள். கோயிலிலே நான் நின்றால் ஒரு கை தள்ளி நிற்பவர்கள் எல்லாம் என் முதுகோடும் தோளோடும் ஒட்டி நின்றார்கள். வியர்வையும் சந்தனமும் ஒன்றாக மணத்தன. படகின் மூக்கு மெல்ல இறங்கியது. விட்டத்துக்கும் கலசத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வந்தது. நான் சுக்கானுக்குத் திரும்பினால் மூக்கு மறுபடி எழும்பும், அதற்குள் கலசத்தைக் கழற்ற வேண்டும். ஐயரின் இரண்டு கையிலும் அம்மன். மருமகன் என் தோள் அளவு; விட்டத்தின் கீழே ஏறி நிற்கவும் இடமில்லை, அவனுக்கு எட்டாது.

"தம்பி, உமக்குத்தான் எட்டும்" என்றார் மாஸ்ரர்.

"தொடலாமோ, மாஸ்ரர்?"

இருட்டிலே அவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "ஆபத்துக்குப் பாவமில்லை, தம்பி. கழட்டும்."

ஆபத்து அவருக்கு, பாவம் எனக்கு என்று பங்கு பிரித்து வைத்திருந்தார். கையை நீட்டித் திருகினேன். பெரிய பாரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மெல்லிய தகடு. உள்ளே ஒன்றும் இல்லை. இதையா தொடவேண்டாம் என்றார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு அழுகையும் வந்தது, அதையும் இருட்டு மறைத்தது.

மாஸ்ரர் தன் சால்வையை விரித்து நீட்டினார். கலசத்தைச் சால்வையில் வாங்கி, என் விரல் பட்ட இடத்தில் தன் விரல் படாமல் சுற்றிக்கொண்டார். "வெளியிலை ஒண்டும் கதைக்க வேண்டாம், என்ன?" என்றார்.

வெளியே வந்தோம். கரையைச் சுற்றி இருநூறு பேர் நின்றார்கள். நாதஸ்வரம் தொடங்கியது, "அரோகரா" என்ற சத்தத்தில் வாத்துகள் எல்லாம் பறந்தன. ஐயர் நெளிந்த பக்கத்தைப் பின்னே திருப்பிக் கலசத்தைத் திரும்ப வைத்தார். அம்மன் இருட்டிலே கொஞ்ச நேரம் நின்று வந்தது ஒரு அற்புதம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அது இன்றுவரை கோயில் மலரில் ஓடுகிறது. திரும்பிப் போகும்போது கலசத்தை ஐயர் முன்னரே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு யாரும் நல்ல நேரம் பார்க்கவில்லை.

மதாம் சனத்துக்கு முன்னால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகு, படகுத்துறைக் குடிலில் அந்தத் தாளை மேசையில் வைத்தார்.

"தொட்டாயா?"

"இல்லை."

"ஏன்?"

"விடவில்லை."

"யாரையும் விடமாட்டார்களா?"

"என்னை."

அவர் விளங்காமல் பார்த்தார். என் பிரெஞ்சு கோப்பை கழுவிப் பழகிய பிரெஞ்சு. இதைச் சொல்ல அதிலே சொல் இருக்கவில்லை. "என் பாட்டனார் மீன் பிடித்தவர்" என்றேன்.

"என் பாட்டனாரும்தான். காஸ்பே கடற்கரையில்" என்றார் மதாம். "அதற்கும் கோலுக்கும் என்ன?"

இன்றுவரை அதற்கு ஒரு பதில் யோசித்துப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

"அவர்கள் சொன்னது அவர்களுடைய முட்டாள்தனம்" என்றார். சரி அடையாளத்தின் மேல் விரலை வைத்தார். "இது யாருடைய கை?"

"என்னுடையது."

அவ்வளவுதான். ஏச்சு இல்லை, வேலையை விட்டு நீக்கவில்லை. அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினார். மறுநாள் காலை நான் படகை அளந்து தாளை நீட்டினேன். மதாம் கதிரையிலிருந்து எழும்பினார். என் கையிலிருந்து கோலை வாங்கினார். தானும் ஒருமுறை அளந்தார். டக்.

தான் ஓய்வு பெறும்வரை ஆறு வருடம், மதாம் என் ஒவ்வொரு அளவையும் அளந்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்த டக் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் நான் கூசிப்போனேன். மாஸ்ரர் மேல் எனக்கு இருந்த வெறுப்பு, ஒரு பருவத்துக்குள் ஆறிவிட்டது. அவர் அப்படித்தான், அவருக்கு வேறு தெரியாது. என் மேல் வந்த வெறுப்புத்தான் ஆறவில்லை. அகதியாக வந்து, பனியிலே விழுந்து எழும்பி, சொந்தக் காலில் நின்றவன், "அங்காலை நில்லும்" என்ற ஒரு சொல்லுக்கு அங்காலே போய் நின்றேனே!

திருவிழா முடிந்து இரண்டு கிழமையில் மனைவி கோயிலிலிருந்து ஒரு பெட்டியில் புக்கை, அதுதான் சர்க்கரைப் பொங்கல், கொண்டுவந்தாள். கலசம் நெளிந்ததற்குச் சாந்தி செய்தார்களாம்.

"நெளிஞ்சதுக்கோ, நான் தொட்டதுக்கோ?" என்றேன்.

"ரெண்டுக்கும் எண்டுதான் கதைச்சவை" என்றாள். பிறகு, "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது" என்றாள்.

என் தீட்டைக் கழித்த புக்கையை நானே தின்று முடித்தேன். கசுக்கொட்டை தாராளமாகப் போட்டிருந்தார்கள். மனைவி அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் போகவில்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் இந்த வருடம் சித்திரையில் தொலைபேசி அடித்தது. கோயிலின் புதிய செயலாளர், நல்ல மரியாதையான ஆள்.

"அண்ணை, இந்த முறை திரும்பத் தெப்பம் செய்யிறம். படகுக் கொம்பனி அனுபவமான ஒராளின்ரை கையெழுத்துக் கேக்குது. நீங்கள்தான் வந்து அளந்து தரவேணும்."

"வாறன். கலசம் வைச்சாப் பிறகுதான் அளப்பன். தொட்டுத்தான் அளப்பன். என்ரை கையாலை."

"ஒருக்கா கேட்டுச் சொல்லுறன் அண்ணை" என்றார். யாரைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். மாஸ்ரர் இப்போதும் ஆலோசகர்.

மூன்று நாள் கழித்து எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "அண்ணை, இப்ப லேசர் இருக்குத்தானே. அது தொடாமலே அளக்குமாம். நீங்கள் சும்மா வந்து நிண்டு, அந்தக் கையெழுத்தை மட்டும்..."

"அப்ப கையெழுத்தையும் லேசரிட்டையே வாங்குங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

வைத்த கையோடு இல்-பிசாருக்கு அழைத்தேன். மதாம் ஜினெத் அங்கே தன் தங்கையோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், மிட்டாய் இன்னும் வாயில்தான். சொன்னேன். கோயில் கேட்டதை, நான் கேட்டதை, அவர்கள் சொன்னதை, நான் வைத்ததை. என் பிரெஞ்சு இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது.

அவர் பாராட்டவில்லை. "எத்தனை வருடம்?" என்று மட்டும் கேட்டார்.

"பதினேழு, மதாம்."

மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போகும் சத்தம் கேட்டது.

"நீ மெதுவாகத்தான் வருவாய், தவா" என்றார். "ஆனால் வருவாய்."